இன்னும் ஒரு தடவை எழுதவா, வேலைக்குப் போகவா?

கேள்வி: எனக்கு 28 வயது. தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பி.சி. பிரிவு. 2019-இல் பி.இ. முடித்தேன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் கொரோனா வந்து ஊர் திரும்பினேன். அன்றிலிருந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். குரூப் 4 மூன்று தடவை எழுதிவிட்டேன். 2024-இல் மூன்றே கேள்வியில் போனது. 2025-இல் அதைவிட மோசம். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். இதுவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஓசூரில் இருக்கும் சித்தி மகள், அவள் வேலை பார்க்கும் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், 18,000 சம்பளம், வந்துவிடு என்கிறாள். போனால் இத்தனை வருடம் படித்தது வீணாகிவிடுமோ என்று பயம். போகாவிட்டால் இன்னும் எத்தனை வருடமோ என்று பயம். வாழ்க்கை எந்தப் பக்கம் போகிறதென்றே தெரியவில்லை. இரவு இரண்டு, மூன்று மணி வரை தூக்கம் வருவதில்லை. நான் என்ன செய்யட்டும் அக்கா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

ஓசூருக்குப் போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரி வரை அதையே தேடிக்கொண்டிருப்பீர்கள். ஏன் என்பதை இனி நிதானமாகப் பேசலாம்.

படிக்க உட்கார்ந்து இத்தனை வருடமாகியும் ஒன்றும் நடக்கவில்லை என்று உங்களையே குற்றவாளியாக்கி எழுதியிருக்கிறீர்கள். தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4-க்குப் பிறகு அடுத்தது 2022 ஜூலையில்தான் நடந்தது. அதன் முடிவு வர 2023 மார்ச் ஆகிவிட்டது. அடுத்த தேர்வு 2024 ஜூன். நீங்கள் சோம்பலில் தொலைத்ததாக நினைக்கும் வருடங்களில் பெரும்பகுதி, அறிவிப்புக்கும் முடிவுக்கும் காத்திருந்ததில் போயிருக்கிறது. 2024-இல் முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இடங்களைப் பிறகு கூட்டினார்கள், உண்மைதான். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் மூன்று கேள்வி, அதாவது நான்கரை மதிப்பெண்ணில் நின்றவர் திறமையில்லாதவர் என்று யார் சொல்ல முடியும்?

சரி, அப்படியென்றால் இன்னும் ஒரு தடவை முழுமூச்சாக உட்காரலாமே என்று தோன்றும். அங்கேதான் எனக்குக் கவலை. இந்தத் தேர்வு உங்களைப் பார்த்து 'போதும்' என்று ஒருநாளும் சொல்லப்போவதில்லை. நீங்கள் பி.சி. பிரிவு, பட்டதாரி. வி.ஏ.ஓ. பதவிக்கு 42 வயது வரை எழுதலாம். இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு உங்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. ஐ.ஏ.எஸ். தேர்வில்கூட இத்தனை முறைதான், இந்த வயது வரைதான் என்று ஒரு கோடு இருக்கிறது. இங்கே கோடு இல்லை. எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முழுநேரமாகக் காத்திருப்பவருக்கு அதுவே முடிவில்லாத காத்திருப்பாகிவிடுகிறது. எப்போது வருமென்று தெரியாத பஸ்ஸுக்கு நிற்பவர், பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு டீ குடிக்கக்கூடத் தயங்குவார். கல்யாணம், வேலை, ஒரு புதுப் புடவை எடுப்பதுவரை எல்லாவற்றையும் 'ரிசல்ட் வரட்டும்' என்று நீங்களும் தள்ளி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் தூக்கம் போனதற்கும் காரணம் இருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 45 பேரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாம்பு இருந்தால் கையில் ஷாக். அடிக்கப்போவது உறுதி என்று தெரிந்தபோது இருந்ததைவிட, அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் அவர்களுக்குப் படபடப்பு உச்சத்துக்குப் போனது. வியர்வை, கண்பாவை எல்லாம் அளந்து பார்த்துச் சொன்ன விஷயம் இது. தோல்வி உறுதி என்றிருந்தால் ஒருநாள் அழுதுவிட்டு எழுந்திருப்பீர்கள். 'கிடைச்சாலும் கிடைக்கும்' என்ற நிலையில் ஐந்து வருடமாக இருக்கிறீர்கள். உடம்பு அதைத் தாங்காது, தங்கை. அது உங்கள் மனசு பலவீனமாக இருப்பதால் வந்ததில்லை.

எனவே வேலைக்குப் போங்கள், தேர்வையும் எழுதுங்கள். எட்டு மணி நேரம் படிக்காமல் எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் உங்களைப் போன்ற பெண்களைப் பார்க்கிறேன். கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். பிளக் பாயின்ட் பக்கத்து நாற்காலியில் பையைப் போட்டு இடம் பிடிப்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகங்கள், ஓரமெல்லாம் மடங்கிப்போய். மஞ்சள் மார்க்கர் அடித்த வரியின் மேலேயே இன்னொரு தடவை பச்சை அடித்திருக்கும். அந்தப் பக்கத்தில் புதிதாகப் படிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று அவர்களுக்கே தெரியும். மூடி வைத்தால் மட்டும் குற்ற உணர்ச்சி வந்துவிடும். மூன்று முறை எழுதியவருக்குத் தேவை தினமும் ஒன்றரை மணி நேரமும், எதை விட்டுவிட்டோம் என்ற தெளிவும்தான்.

அந்தத் தெளிவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். 2024, 2025 கேள்வித்தாள்களை எடுத்து, விடைக்குறிப்பை வைத்து, தவறிய கேள்விகளைப் பிரியுங்கள். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. எதில் போனது? சுத்தமாகத் தெரியாமல் போனதா, இரண்டு விடைக்கு நடுவே தடுமாறிப் போனதா? கணக்கில் போயிருந்தால் பயிற்சியில் சரியாகிவிடும். எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தால், இன்னொரு வருடம் முழுநேரமாக உட்கார்ந்தாலும் பெரிதாக மாறாது. அப்புறம், நீங்கள் டைப்ரைட்டிங் முடித்திருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் கிரேடு தேர்ச்சி இருந்தால் தட்டச்சர் பதவிக்கும் போட்டியிடலாம். அதற்கான கட்-ஆஃப் இளநிலை உதவியாளரைவிடப் பொதுவாகக் குறைவு. அந்த மூன்று கேள்வி தூரத்தை இதுவே கடந்துவிடக்கூடும்.

தேர்வு போடாத கோட்டை நீங்கள் போட வேண்டும். இன்னும் இரண்டு குரூப் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒரே கேள்வியில் போனாலும் விண்ணப்பிக்கப் போவதில்லை என்று அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்பா திட்டாமல் இருப்பதை நீங்கள் ஏமாற்றம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கென்னவோ, என்ன கேட்டால் பிள்ளை உடைந்துவிடுவாளோ என்று அவர் பயப்படுவதாகத்தான் தோன்றுகிறது. ஒருநாள் கடைக்குப் போய், அவர் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் திட்டத்தை நீங்களாகவே சொல்லுங்கள். அவர் அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. பிள்ளைக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று தெரிந்தாலே அவர் நிம்மதியாக மூச்சு விடுவார்.

ஓசூர் வேலைதான் உங்கள் வாழ்க்கை என்று நான் சொல்ல மாட்டேன். ஷிப்ட் வேலை லேசானதும் இல்லை. முதல் இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடக்கூட முடியாமல் போகலாம், அதற்குக் கலங்காதீர்கள். ஒரு வருடம் அங்கே இருந்தால், உங்களைப் பற்றி நூலகத்தில் தெரிந்துகொள்ளவே முடியாத சில விஷயங்கள் தெரியவரும். நாலு பேரை வைத்து வேலை வாங்க வருகிறதா, மெஷினோடு இருக்கப் பிடிக்கிறதா, ஊரை விட்டு இருக்க முடிகிறதா, கையில் சொந்தப் பணம் இருந்தால் எதற்குச் செலவழிக்கத் தோன்றுகிறது என்றெல்லாம். இப்போது நீங்கள் திசை தெரியவில்லை என்கிறீர்கள். இதெல்லாம் தெரியாமல் திசை எப்படித் தெரியும்?

தூக்கமின்மை மட்டும் இரண்டு வாரத்துக்கு மேலும் தொடர்ந்தாலோ, இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு எட்டிப் பார்த்தாலோ, காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

இந்த வாரமே சித்தி மகளுக்குப் போன் போடுங்கள். சம்பளத்தில் பி.எஃப். பிடித்தது போகக் கைக்கு எவ்வளவு வரும், ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு போகும், ஷிப்ட் வாராவாரம் மாறுமா, நைட் ஷிப்ட் உண்டா, வேலை நேரடியாகக் கம்பெனியிலா கான்ட்ராக்டிலா, தேர்வு நாளுக்கு லீவு கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் அப்பா கடைக்குப் போங்கள்.