பல் மருத்துவ மாணவரின் பயம்

கேள்வி (கொரோனா ஊரடங்குக் காலத்தில் வந்தது): பாம்பனைச் சேர்ந்த நான் பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊரடங்கால் வீட்டிலிருந்தபடி கைபேசியில் பாடம் கேட்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பாவின் படகும் கரையில் நிற்கிறது. கற்ற கைவேலை மறந்துவிடுமோ, நோயாளியிடமிருந்து கொரோனாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேனோ என்ற பயத்தில் தூக்கமே வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்கள் பயத்தைக் கோழைத்தனம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். முகக்கவசம் இல்லாத நோயாளியின் திறந்த வாய்க்கு ஒரு முழத் தொலைவில் குனிந்து, பல்லைக் குடையும் ஏரோட்டர் கருவி பீய்ச்சும் நீர் எச்சிலோடு கலந்து நுண்துளிகளாகக் காற்றில் மிதக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் நீங்கள். ஆனால் என்95 முகக்கவசம், முகத்தடுப்பு, சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் டேம் விரிப்பு, வேகமான உறிஞ்சுகுழாய், தடுப்பூசி ஆகியவை சேர்ந்து அந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கின்றன.

கைப்பழக்கத்துக்கு, முதலாண்டில் செதுக்கிய மெழுகுக் கட்டியையே மீண்டும் எடுங்கள். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை, அதன் ஐந்து முகடுகளும் சரியாக அமையும்வரை, தினமும் ஒரு மணி நேரம் செதுக்குங்கள். விரல்கள் பழைய நிதானத்துக்குத் திரும்புவதை நீங்களே உணர்வீர்கள். படுக்கப்போகும் நேரத்தில் மரணச் செய்திகளைப் பார்க்காதீர்கள். மாலையில் அப்பா வலை பழுதுபார்க்கும்போது அருகில் உட்கார்ந்து, உங்கள் மனத்தில் இருப்பதை அவரிடம் சொல்லுங்கள். வருமானம் நின்ற கவலையில் இருப்பவரை மேலும் வருத்தக்கூடாதென்று நீங்கள் மறைப்பதுதான் சுமையைக் கூட்டுகிறது என்று நினைக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள், அல்லது இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.