இரண்டு விரிசல்களுக்கு நடுவே மிஞ்சும் 3 மில்லிமீட்டர்

திசையன்விளை வாசகர் ஒருவர், வளைகுடாவில் கடலடிக் குழாய் பதிக்கும் பார்ஜில் (தட்டையான அடி கொண்ட பணிக்கப்பலில்) வெல்டிங் ஆய்வாளராக இருக்கிறார். இரு குழாய்களைச் சுற்றிலும் இணைக்கும் சுற்று வெல்டின் ஓரத்தில் 8 மி.மீ. நீள விரிசல்கள் இரண்டு, 3 மி.மீ. இடைவெளியில், அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனையில் தெரிந்தனவாம். தனித்தனியே அவை அந்தத் திட்டத்துக்கு வகுத்த வரம்புக்குள் அடங்கியும், மேலாளர் செதுக்கி எடுக்கச் சொன்னது சரியா என்று கேட்கிறார்.

சரிதான். ஒரே நேர்கோட்டில் நெருங்கி நிற்பதால் அவற்றை 19 மி.மீ. நீளமுள்ள ஒரே விரிசலாகவே கணக்கிட வேண்டும். ஒரு தாளில் ஒரே கோட்டில் இரண்டு கீறல் போட்டு, நடுவே விரற்கடை அளவு விட்டு, கோட்டுக்குக் குறுக்காக இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். முதலில் கிழிவது அந்த நடுப்பகுதியாகவே இருக்கும், ஏனெனில் இரு கீறல்களும் தாங்க மறுத்த இழுவிசை முழுவதும் அங்கே வந்து குவிகிறது.

வெல்ட் ஆறும்போது உள்ளே தங்கிவிடும் இழுவிசையோடு, குழாய் கடலடித் தரையைத் தொடாமல் தொங்கும் பகுதியில் நீரோட்டம் தரும் அதிர்வும் சேரும்போது, வெல்டின் ஓரம் நெடுகப் பல இடங்களில் நுண்விரிசல்கள் ஒரே காலத்தில் முளைக்கின்றன. அவை இணைந்ததும் நீண்ட, ஆழமில்லாத ஒரே விரிசலாகி, அதன் நடுப்புள்ளி முன்னிலும் அதிக விசையைத் தாங்கிக் குழாய்ச் சுவரின் உள்நோக்கி வேகமாக இறங்குகிறது. எஃகில் இந்த வேகம், விரிசல் முனையில் விசை எவ்வளவு குவிகிறது என்பதைச் சொல்லும் விசைச்செறிவின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், செறிவு 1.5 மடங்கானால் வேகம் 3 மடங்கைத் தாண்டிவிடும்.

ஒன்றன்பக்கம் ஒன்றாக, இணையாக ஓடும் விரிசல்களின் கதை வேறு. அவை ஒன்றுக்கொன்று நிழல்போல் நின்று விசையைக் குறைக்கும். ஆனால் முனைகள் ஒன்றையொன்று கடந்ததும் வளைந்து மற்றதை நோக்கித் திரும்பும். கோடையில் வற்றிய நம் குளத்துக் களிமண்ணில், பிந்தி வந்த வெடிப்பு முந்தியதை ஏறக்குறையச் செங்கோணத்தில் சென்று முட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே அந்த நிழலை நம்பி விரிசலை விட்டுவைக்க நான் சொல்லமாட்டேன்.

இரண்டையும் நடுவிலுள்ள எஃகோடு சேர்த்தே கிரைண்டிங் செய்து, மேற்பரப்பு விரிசலைக் காட்டும் காந்தத்தூள் சோதனையில் அடிவரை சுத்தம் என்று உறுதிசெய்த பின்னரே, முன்சூடேற்றி, முறைப்படி உலர்த்திய வெல்டிங் ராடால் நிரப்பச் சொல்லுங்கள். வெல்டுக்குள் புகுந்த ஹைட்ரஜனால் வந்த விரிசல் என்ற ஐயமிருந்தால், அது வெல்ட் ஆறிப் பல மணி நேரம் கழித்தும் தோன்றும் என்பதால், மறுசோதனையை 48 மணி நேரம் தள்ளி வையுங்கள்.