யார் குரலைக் கேட்டுப் பழகுவது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “தோழியின் பிறந்தநாளில் கிதார் வாசித்துக்கொண்டே ‘தி ஃபர்ஸ்ட் கட் இஸ் தி டீப்பஸ்ட்’ பாட்டைப் பாடப்போகிறேன். எனக்குத் தெரிந்தது ராட் ஸ்டூவர்ட் பாடியது. தங்கையோ அது ஷெரில் குரோவின் பாட்டு என்கிறாள். யார் பெயரைச் சொல்லிப் பாடுவது? யாரைக் கேட்டுப் பழகுவது?”

பாட்டு அவர்கள் இருவருடையதும் அல்ல. எழுதியவர் கேட் ஸ்டீவன்ஸ். லண்டன்காரர்; தந்தை சைப்ரஸ் கிரேக்கர், தாய் ஸ்வீடன் நாட்டவர். பின்னாளில் யூசுஃப் இஸ்லாம் ஆனவர். மீசை அரும்பும் வயதில் எழுதிய பாட்டு இது. அவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடுங்கள்.

ஆனால் இசைத்தட்டில் முதலில் ஒலித்தது அவர் குரல் அல்ல. 30 பவுண்டுக்குப் பாட்டைக் கொடுத்துவிட்டார் என்பார்கள். 1967-இல் அதைப் பாடியவர் பி. பி. ஆர்னல்ட். ஐக்–டினா டர்னர் குழுவில் பின்னணி பாடிக்கொண்டு லண்டனுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்ட அமெரிக்கப் பெண். அப்போது அவருக்கு இருபது வயது. இரண்டு குழந்தைகளின் தாய். முறிந்த திருமணம் ஒன்றைக் கடந்து வந்தவர். பிரிட்டன் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் பாட்டு 18-ஆம் இடம் வரை ஏறியது. அதே ஆண்டின் கடைசியில்தான் ஸ்டீவன்ஸ் தம் குரலில் பாடியது ‘நியூ மாஸ்டர்ஸ்’ தொகுப்பில் வந்தது.

கனடாவில் கீத் ஹாம்ப்ஷயர் 1973-இல் இதை முதலிடத்துக்குக் கொண்டுபோனார். ராட் ஸ்டூவர்ட் பாடியது 1977-இல் பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தத் தட்டில் ஜோடியாக வந்த ‘ஐ டோன்ட் வான்ட் டு டாக் அபவுட் இட்’ பாட்டும் அவர் எழுதியதல்ல, டேனி விட்டன் என்பவர் எழுதியது. ஆக, இரண்டுமே இரவல் கண்ணீர்! ஷெரில் குரோ பாடியது 2003-இல்.

யாரைக் கேட்டுப் பழகுவது என்றால், என் ஓட்டு ஆர்னல்டுக்கு. இது விட்டுப்போனவனிடம் பாடும் பாட்டு என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் எதிரே நிற்பவர் புதியவர். ‘மறுபடி காதலிக்க முயல்கிறேன், ஆனால் முதல் காயம் ஆழமானது’ என்று அவரிடம்தான் சொல்லப்படுகிறது. ஆசையும் அச்சமும் ஒரே மூச்சில் வரவேண்டும். ஆர்னல்ட் தாழ்ந்த குரலில் தொடங்கி, பல்லவியில் அடக்கமுடியாமல் வெடிக்கிறார். ஸ்டூவர்ட்டிடம் இருப்பது ஆறிப்போன காயத்தைத் தடவிப் பார்க்கும் சோகம். கேட்க இனிமைதான், ஆனால் அந்தக் கரகரப்பு அவருக்கு இயற்கை, நீங்கள் முயன்றால் தொண்டைதான் கட்டும்.

வாசிப்புக்கு மட்டும் ஷெரில் குரோவைக் கேளுங்கள். டி, ஏ, ஜி என்ற மூன்று கார்டுகளில் (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகளில்) பாட்டு முழுவதும் அடங்கிவிடும். சுருதி தாழ்வாகத் தோன்றினால் கிதாரின் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போவைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பழைய காதலைச் சொல்லும் இடங்களில் ஸ்டீவன்ஸும் ஸ்டூவர்ட்டும் ‘ஷி’ என்பார்கள், ஆர்னல்டும் குரோவும் ‘ஹி’ என்பார்கள். நால்வரையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பழகினால், முதல் சரணத்தில் ‘ஹி’ பாடிவிட்டுப் பல்லவியில் ‘ஷி’ என்று வாய் தவறிவிடும். உங்கள் பாட்டில் எது என்பதை முதலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.