ரீஇன்ஸ்டோல் செய்தும் பைல்கள் வரவில்லையே!

கேள்வி: அண்ணா, எங்கள் ரியூஷன் வகுப்புக்காக ஒரு பழைய கொம்பியூட்டரில் உபுண்டு என்ற இயங்குதளத்தைப் போட்டு எஞ்சின்எக்ஸ் (nginx) என்ற வெப் சேர்வரை ஓட்டுகிறேன். பிள்ளைகள் வைஃபையில் ஓ லெவல் பாஸ்ட் பேப்பர் எடுப்பார்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருவதால், தானாக எழும்பட்டும் என்று ஒரு வீடியோவைப் பார்த்து சேர்விஸ் பைலைத் திருத்தினேன், அன்றோடு படுத்துவிட்டது. ஆத்திரத்தில் ஈடிசி (/etc) என்ற அமைப்பு போல்டரில் இருந்த எஞ்சின்எக்ஸ் போல்டரையே அழித்துவிட்டு ரீஇன்ஸ்டோல் செய்தால் பழைய பைல்கள் வரவே இல்லை. ஏன்?
- ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, நீங்கள் கெடுத்தது ஒன்று, அழித்தது இன்னொன்று.

கெடுத்தது, சேவைகளைத் தொடக்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் சேர்விஸ் பைல். நல்லவேளையாக அதன் அசல் 'லிப்' (/lib) போல்டர் பக்கம் இருக்கும், நாம் திருத்துவது வழக்கமாக ஈடிசிக்குள் அதன்மேல் போர்த்திய துணி மாதிரித்தான். சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் 'கேட்' என்று கேட்டால் எந்தெந்த பைலிலிருந்து எந்த வரி வருகிறது என்று காட்டும், 'ரிவேர்ட்' என்றால் போர்வையை உருவிவிடும். பிறகு சிஸ்டம்டி பைல்களைத் திரும்ப வாசிக்க ஒரு டீமன்-ரீலோட். அவ்வளவுதான், இதற்கு டேட்டா ஒரு சொட்டும் செலவாகாது.

அழித்த போல்டர்தான் வில்லங்கம். டெபியன், உபுண்டுவில் அமைப்பு பைலை நீங்களே அழித்தால், 'இவருக்கு இது வேண்டாமாம்' என்று பொதிகளை (பக்கேஜ்) நிறுவும் டிபிகேஜி எடுத்துக்கொள்ளும், எத்தனை முறை ரீஇன்ஸ்டோல் செய்தாலும் மரியாதையாக அதை விட்டுவிடும். அதோடு அந்த பைல்கள் 'எஞ்சின்எக்ஸ்' பொதியில் இல்லை, 'எஞ்சின்எக்ஸ்-கொமன்' (nginx-common) என்ற சின்னப் பொதியில் இருக்கின்றன. அதை ரீஇன்ஸ்டோல் செய்யும்போது டிபிகேஜிக்கு 'ஃபோர்ஸ்-கொன்ஃப்மிஸ்' (--force-confmiss) என்ற தெரிவைக் கொடுங்கள், காணாமல் போனதை மட்டும் திரும்ப வைக்கும். அழிக்காமல் திருத்திக் குழப்பியவர்களுக்கு இந்தத் தெரிவு உதவாது, அவர்கள் குழம்பிய பைலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டு இதையே செய்யலாம்.

சிலர் 'பேர்ஜ்' செய்து, அதாவது அமைப்பு பைல்களோடு முழுதாக நீக்கிவிட்டு, முதலிலிருந்து போடச் சொல்வார்கள். நானும் ஒரு பாடசாலைத் தளத்தில் அப்படிச் செய்து, கையால் எழுதிய அமைப்பையெல்லாம் லொக் (பதிவு) பைல்களோடு சேர்த்துத் தொலைத்தேன். நகல் எடுக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம் 'எஞ்சின்எக்ஸ் -டி' போட்டு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இல்லை, சேர்விஸும் ஓடுகிறது, ஆனாலும் பக்கம் வரவில்லை என்றால் 'சைட்ஸ்-எனேபிள்ட்' போல்டரைத் திறந்து பாருங்கள். அங்கே 'டிஃபோல்ட்' என்ற இணைப்பு இல்லாமல் இருந்தால் பக்கம் கேட்டு வரும் 80ஆம் போர்ட்டைக் கவனிக்க ஆளே இல்லை, கையால் ஒரு சிம்லிங்க் (அசல் பைலைச் சுட்டும் இணைப்பு) போட்டுவிட்டு ரீலோட் செய்யுங்கள்.

ஒன்று சொல்லட்டுமா, சேர்விஸ் பைலில் கையே வைத்திருக்கத் தேவையில்லை. மெஷின் எழும்பும்போது எஞ்சின்எக்ஸும் எழும்ப சிஸ்டம்சிடிஎல் 'எனேபிள்' போதும், உபுண்டு அதை இன்ஸ்டோல் செய்யும்போதே செய்துவிடும். கரண்ட் வந்ததும் மெஷின் எழும்பாததுதான் உங்கள் பிரச்சினை என்றால், பயோஸுக்குள் போய், மின்சாரம் திரும்பியதும் தானாக ஓன் ஆகும் தெரிவைத் தேடி மாற்றுங்கள், பெரும்பாலான டெஸ்க்டொப்புகளில் இருக்கும்.