பாலூட்டத் திணறியவள் மற்றவர்களுக்கு உதவலாமா?

கே: என் மகளுக்கு இரண்டு வயது. அவள் பிறந்த புதிதில் காம்பு வெடித்து, பால் கட்டி, காய்ச்சல் வந்து, கடைசியில் தாய்ப்பாலும் பவுடர் பாலுமாகத்தான் ஓட்டினேன். இப்போது தெரிந்தவர்கள் யாராவது குழந்தை பெற்றால் போய்க் கூட இருக்கத் தோன்றுகிறது. ஆனால் நானே சரியாகக் கொடுக்காதவள், எந்த முகத்தோடு போவது?

ப: தாராளமாகப் போங்கள். போன முதல் அரை மணி நேரம் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

எனக்கும் இதே கதைதான். என் மகன் பிறந்த ஒன்பதாம் நாள், அவன் சிணுங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். வாய் வைத்ததும் வலியில் கால் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும், துணியில் ஒட்டிய காம்பைப் பிரிக்கும்போது உயிர் போய்விட்டு வரும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "பால் பத்தலை போல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். தெரிந்த அக்கா ஒருவர்தான் எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து நான் பால் கொடுப்பதை முழுசாகப் பார்த்தார். அப்புறம், "நீ குனியாதே, சாய்ந்து உட்கார், பிள்ளையை உன்கிட்டே கொண்டு வா" என்றார். அவன் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, மூக்குக்கு நேரே காம்பு இருக்குமாறு வைத்துக் காத்திருக்கச் சொன்னார். அவன் கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்த நொடியில் முதுகில் கை கொடுத்து அணைத்துக்கொண்டேன். முகவாய் மார்பில் அழுந்தியது. கீழ் உதட்டுப் பக்கம் காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் அநேகமாகத் தெரியவே இல்லை, மேலேதான் கொஞ்சம் தெரிந்தது. புண் ஆற இன்னும் ஒரு வாரம் ஆனது, ஆனால் அன்றைக்குக் கால் விரல் மடங்கவில்லை. அந்த அக்காவும் பவுடர் பால் கலந்து வளர்த்தவர்தான் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

தகுதி என்று பார்த்தால், 1956-ல் அமெரிக்காவில், பாலூட்டும் தாய்மார்களுக்குத் தாய்மார்களே உதவும் லா லெச்சே லீக் அமைப்பைத் தொடங்கிய ஏழு பெண்களும் நம்மைப் போலத் தாய்மார்கள்தான். 1989-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மகப்பேறு மருத்துவமனைகளுக்காக வகுத்த, தாய்ப்பாலூட்டலுக்கான பத்துப் படிகளில் பத்தாவது என்ன தெரியுமா? பாலூட்டும் தாய்மார்களுக்கான ஆதரவுக் குழுக்களை வளருங்கள், வீட்டுக்குப் போகும் தாயை அங்கே அனுப்பிவையுங்கள் என்பதுதான்.

நாம் சறுக்குவது நம் கதையைக் கொட்டுவதில். முதன்முதலில் நான் உதவப் போன பெண்ணிடம் இருபது நிமிடம் என் புண்ணைப் பற்றியே பேசிவிட்டேன். பாவம், அவர் பிரச்சினையே வேறு, பால் வேகமாகப் பீறிட்டுக் குழந்தைக்குப் புரையேறிக்கொண்டிருந்தது. அதனால் "எப்படி இருக்கு, எங்கே வலிக்குது, தூங்கினீங்களா" என்று கேட்டுவிட்டு அவரைப் பேச விடுங்கள். பவுடர் பால் டப்பாவைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பார்வை எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியாததா!

பால் போதுகிறதா என்ற பயம் எல்லோருக்கும் வரும். மார்பு கனமாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் குறைந்தது ஆறு முறை சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியதா என்று பாருங்கள். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து பாலுக்கே எழாமல் கிடந்தாலோ, தாய்க்கு மார்பு சிவந்து காய்ச்சல் அடித்தாலோ, கைவைத்தியம் எதுவும் சொல்லாமல் உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். தாய் அழுதுகொண்டே இருக்கிறார், எதிலும் ஒட்டவில்லை என்றாலும் அப்படித்தான், அதைப் பால் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள்.

கே: என் தங்கையின் கைக்குழந்தை சாயங்காலமானால் மணிக்கணக்கில் மார்பை விடுவதே இல்லை. பால் வற்றிவிட்டதோ?

ப: எடை ஏறுகிறது, சிறுநீர் ஒழுங்காகப் போகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. முதல் சில வாரங்களில் மாலை நேரத்தில் பல குழந்தைகள் அடுத்தடுத்துக் குடிக்கும். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். அந்த நேரத்துக்கு முன்னால் தங்கையைச் சாப்பிட வைத்து, கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் வைத்துவிடுங்கள்.

கே: ராத்திரி முழுக்க மனைவி மட்டும் விழித்திருக்கிறாள். என்னால் பாலூட்ட முடியாதே, நான் என்ன செய்வது?

ப: பாலூட்டுவதைத் தவிர மற்றதெல்லாம் உங்களால் முடியும் சார். குழந்தை அசைந்ததும் முதலில் நீங்கள் எழுந்து, ஈரத்துணியை மாற்றி, மனைவி படுக்கையை விட்டு இறங்காமல் கையில் கொடுங்கள். குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துத் தூங்கப் போடுங்கள். அதற்குள் அவர் தூங்கியிருப்பார். "பவுடர் பால் கொடுத்தாத்தான் என்ன?" என்று மட்டும் ராத்திரி மூன்று மணிக்குக் கேட்காதீர்கள், அதைப் பகலில் பேசிக்கொள்ளலாம்.