இட்லி மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட்டா, பாக்டீரியாவா?

கேள்வி: எங்களுக்குத் திருமங்கலம். மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். வினாடி வினாவில், ‘இட்லி மாவைப் பொங்க வைப்பது எது?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘ஈஸ்ட்’ என்று சொன்னாளாம், தவறு என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் நாங்கள் எல்லோரும் ஈஸ்ட் என்றுதான் நினைத்திருந்தோம். எது சரி? மே மாதம் ராத்திரியே வழிந்துவிடும் மாவு, மார்கழியில் விடிந்த பிறகும் அப்படியே கிடப்பது ஏன்? என் மாமியார் கையால் கரைத்தால்தான் பொங்கும் என்கிறார்கள், அதில் உண்மை உண்டா? இதையே அறிவியல் கண்காட்சிக்குச் செய்து காட்டலாமா?

பதில்: பாக்டீரியா என்பதுதான் சரி. ஆனால் உங்கள் மகள் வருத்தப்பட வேண்டாம். கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்த காலத்தில், முதலாண்டு மாணவர்களிடமிருந்தும் இதே பதில் எனக்கு வந்திருக்கிறது. ரொட்டியைப் பொங்க வைப்பது ஈஸ்ட் என்று படித்ததும், பொங்குகிற எல்லாமே ஈஸ்ட்டால்தான் என்று மனதில் பதிந்துவிடுகிறது.

மூன்று பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தயிர் புளிக்கும், பொங்காது. ரொட்டி மாவு பொங்கும், பெரிதாகப் புளிக்காது. இட்லி மாவு இரண்டும் செய்யும். தயிரில் இருக்கும் பாக்டீரியா ஒரு சர்க்கரை மூலக்கூறை உடைத்து இரண்டு லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். வாயு வராது. ஈஸ்ட் அதே சர்க்கரையிலிருந்து இரண்டு ஆல்கஹாலும் இரண்டு கார்பன் டை ஆக்சைடும் தரும். அமிலம் என்று சொல்லும் அளவுக்கு வராது. இட்லி மாவில் முதலில் பெருகும் லூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா, ஒரு குளுக்கோஸிலிருந்து லாக்டிக் அமிலம், ஆல்கஹால், கார்பன் டை ஆக்சைடு மூன்றிலும் ஒவ்வொன்று தருகிறது. புளிப்புக்கும் பொங்கலுக்கும் ஒரே ஆள்! மாவில் சில நேரம் ஈஸ்ட்டும் இருக்கும், ஆனால் அது இல்லாமலேயே மாவு பொங்கும். ஈஸ்ட் பூஞ்சை வகையைச் சேர்ந்தது, அதன் செல்லில் உட்கரு உண்டு. பாக்டீரியாவில் உட்கரு கிடையாது. எட்டாம் வகுப்புக்கு இந்த வேறுபாடும் கேட்கக்கூடிய கேள்விதான்.

இந்தப் பாக்டீரியா எங்கிருந்து வருகிறது? உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊறும் நேரத்திலேயே பெருகத் தொடங்கிவிடும். அதனால் கை கட்டாயம் இல்லை, கரண்டியால் கலக்கினாலும் பொங்கும். ஆனால் உங்கள் மாமியாரின் கைப்பழக்கத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கையால் அடித்துக் கரைக்கும்போது உப்பு சீராகப் பரவும், உளுந்து மாவும் அரிசி மாவும் நன்றாகச் சேரும், கையின் சூடும் கொஞ்சம் கிடைக்கும். கழுவிய கையாக இருந்தால் சரி.

அடுத்தது வெப்பம். இந்தப் பாக்டீரியாவுக்கு 30 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் நல்ல வேகம். மதுரைப் பக்கம் மே மாதத்தில் பகல் வெயில் 40ஐத் தொடும், ராத்திரியும் வீட்டுக்குள் 30 டிகிரி அளவில் நிற்கும். மார்கழி இரவில் 20ஐ ஒட்டி இறங்கிவிடும். செல்லுக்குள் வேலை செய்யும் நொதிகள் அந்தக் குளிரில் மெதுவாகத்தான் இயங்கும். கோடையில் கடையில் வாங்கிய மாவு பாக்கெட் மத்தியானத்துக்குள் பலூன் மாதிரி உப்பிவிடுகிறதே, அதுவும் இதே வாயுதான். மார்கழியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டி, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வையுங்கள்.

கண்காட்சிக்கு இது அருமையான தலைப்பு. ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டிலும் வீட்டு இட்லி மாவு, மூன்றாவதில் உளுந்தே சேர்க்காமல் ஆட்டிய அரிசி மாவு. மூன்றையும் பாதி வரைதான் நிரப்ப வேண்டும். வெளியே ஒரு காகிதப் பட்டை ஒட்டி, மாவின் மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள். ஒன்றை வெளியிலும் ஒன்றை ஃபிரிட்ஜிலும் வையுங்கள், அரிசி மாவு வெளியிலேயே இருக்கட்டும். படுக்கப் போகும் முன் ஒரு குறி, விடிந்ததும் ஒரு குறி. ஃபிரிட்ஜில் வைத்தது ஏறக்குறைய அசையாமல் இருக்கும். அரிசி மாவில் வாயு உண்டாகும், ஆனால் தங்காது, அதனால் மட்டம் ஏறாது. உளுந்தின் புரதமும் வழவழப்பும்தான் வாயுவைக் குமிழியாகப் பிடித்து வைக்கின்றன.

பல பிள்ளைகள் செய்யும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். ‘கிருமியைக் கொன்றால் பொங்காது’ என்று காட்டுவதற்காக மாவையே கொதிக்க வைத்துவிடுவார்கள். அது களியாகிவிடும். களி எப்படியும் பொங்காது, ஆகவே அதை வைத்துப் பாக்டீரியாவைப் பற்றி எதையும் நிரூபிக்க முடியாது. அதே போல அமிலத்தைக் காட்ட மஞ்சள் தூள் வேண்டாம், அது காரத்துக்குத்தான் சிவக்கும். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊற வைத்த சாறு நல்லது, புளித்த மாவின் தெளிந்த நீரில் விட்டால் சிவப்பு கூடும்.

வாயு எது என்று காட்ட சுண்ணாம்பு நீர் போதும். வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பை நீரில் கரைத்து, ஒரு ராத்திரி தெளிய விட்டு, மேல் நீரை மட்டும் எடுக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து, பெரியவர்கள் கூட இருந்து செய்யுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் கால் பாகம் மட்டும் புதிதாக ஆட்டிய மாவு, மூடியில் ஓட்டை போட்டு மெல்லிய குழாய், ஓட்டையைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைப்பு, குழாயின் மறுமுனை சுண்ணாம்பு நீருக்குள். காலையில் பாட்டிலை மெதுவாகக் குலுக்கினால் மாவில் அடைபட்ட வாயு கிளம்பி நீரில் குமிழியிடும், நீர் பால் போல வெளுக்கும். சும்மா திறந்து வைத்தாலும் சுண்ணாம்பு நீரின் மேல் ஆடை படியும் என்பதால், பக்கத்தில் இன்னொரு டம்ளர் சுண்ணாம்பு நீரை ஒப்பிட வையுங்கள்.

‘இட்லி சாப்பிட்டால் உயிருள்ள பாக்டீரியா வயிற்றுக்குள் போகுமா?’ என்று நடுவர் கேட்கலாம். போகாது. ஆவியில் அவை இறந்துவிடும், அவை விட்டுப்போன குமிழிகள் சூட்டில் விரிந்து, மாவு வெந்து இறுகும்போது இட்லிக்குள் துளைகளாக நின்றுவிடும். ஒரு இட்லியைப் பிட்டு, அந்தத் துளைகளை உங்கள் மகளே காட்டட்டும்.