ஓபியாய்டு வலி மருந்துகள்: நாட்டுக்கு நாடு ஏன் இத்தனை வித்தியாசம்?

மார்ஃபின், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், ஃபென்டனைல், டிராமடால் ஆகிய வலி மருந்துகளுக்கு ஓபியாய்டுகள் என்பது பொதுப்பெயர். இவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வலி மருத்துவத் துறையினர் பதில் தருகிறார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையாலேயே ஏராளமானோர் இறந்ததாகப் படித்தேன். அது எப்படி நடந்தது? இப்போது அங்கே சீட்டு எழுதுவது குறைந்துவிட்டதாமே, பிறகும் ஏன் சாவு நிற்கவில்லை? (திருச்சி வாசகர்)

பதில்: 1980-இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் நால்வருக்கு மட்டுமே அடிமைத்தனம் பதிவானது என்றது அந்தக் கடிதம். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் சில நாள் கொடுத்த மருந்தைப் பற்றிய கணக்கு அது. அதையே, முதுகுவலிக்கு வீட்டில் வருடக்கணக்கில் சாப்பிடுவதற்கும் சான்றாகக் காட்டினார்கள். 1996-இல் பர்டியூ நிறுவனம் ஆக்ஸிகான்டின் மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 12 மணி நேரம் மெல்ல மெல்லக் கரையும் ஆக்ஸிகோடோன் அது. மெதுவாக உடலில் சேர்வதால் தவறாகப் பயன்படுத்துவது குறையும் எனக் கருதப்படுவதாக, அரசு அனுமதித்த மருந்துக் குறிப்பிலேயே ஒரு வரி இருந்தது. ஆனால் மாத்திரையைப் பொடித்தால் 12 மணி நேரத்துக்கான மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடலுக்குள் போய்விடும். எளிதில் பொடிக்க முடியாத வடிவம் வந்தது 2010-இல்தான். அதற்கு முன்பே, 2007-இல், மருந்தைப் பற்றித் தவறான தகவல் தந்து விற்றதாக அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தது.

சீட்டுகளின் உச்சம் 2012. அந்த ஆண்டு அமெரிக்காவில் சுமார் 25.5 கோடி ஓபியாய்டு சீட்டுகள் எழுதப்பட்டன. 100 பேருக்கு 81 என்ற விகிதம். 2020-இல் அது 100 பேருக்கு 43 ஆக இறங்கியது. ஆனால் சாவு எண்ணிக்கை நேர்மாறாக ஏறியது. ஏற்கெனவே பழகிப்போன உடலுக்கு மாத்திரை கிடைக்காமல் போனபோது பலர் ஹெராயினுக்குப் போனார்கள். 2013 முதல் அந்தச் சந்தையைக் கள்ளத்தனமாகத் தயாரித்த ஃபென்டனைல் பிடித்துக்கொண்டது. 2021-இல் எல்லாப் போதைப்பொருள்களையும் சேர்த்து அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பெரும்பங்கு மருந்துக்கடை மாத்திரையால் அல்ல, இந்தக் கள்ள ஃபென்டனைலால். பழகிய நோயாளிக்குத் திடீரென்று மருந்தை நிறுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் எச்சரிக்க வேண்டி வந்தது. வருடக்கணக்கில் எடுத்தவருக்கு மாதத்துக்குப் பத்து சதவீதம், சில சமயம் அதைவிட மெதுவாகக் குறைப்பதே சரியான முறை. சீட்டைக் குறைத்த அதே வேகத்தில் அடிமைத்தன சிகிச்சையையும் விரிவாக்கியிருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்.

கேள்வி: ஜெர்மனியிலும் ஓபியாய்டு அதிகம்தான் என்கிறார்கள். இங்கே அமெரிக்கா போல ஏன் ஆகவில்லை? (ஃபிராங்ஃபர்ட் வாசகி)

பதில்: தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் உலக வரிசையில் ஜெர்மனி முன்னணியில் இருப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி தோலில் ஒட்டும் ஃபென்டனைல் பேட்ச். வயதானவர்களுக்கும் நாள்பட்ட வலிக்காரர்களுக்கும் போகிறது. கடும் கட்டுப்பாட்டுக்குரிய ஓபியாய்டை எழுத அங்கே தனிச் சீட்டு உண்டு. மூன்று பகுதிகள் கொண்ட அதில் ஒன்று டாக்டரிடம், ஒன்று மருந்துக்கடையில், ஒன்று காப்பீட்டுக் கணக்குக்கு. ஏழு நாளுக்குள் கடையில் கொடுக்காவிட்டால் செல்லாது. சீட்டு மருந்துகளைப் பொதுமக்களுக்கு டிவியில் விளம்பரம் செய்ய ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை இருக்கிறது. அடிமையானவருக்குப் போதைப்பொருளுக்குப் பதிலாக டாக்டர் கண்காணிப்பில் தரும் மாற்று மருந்து சிகிச்சையும் பொதுக் காப்பீட்டிலேயே கிடைக்கும்.

பக்கத்து நாடான பிரான்ஸ் இந்தக் கடைசி விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனது. 1990-களின் நடுவில் ப்யூப்ரநார்ஃபின் என்ற மாற்று மருந்தைச் சாதாரணக் குடும்ப டாக்டரே எழுதலாம் என்று அனுமதித்தார்கள். அதற்கடுத்த சில ஆண்டுகளில் போதைப்பொருளை அளவு மீறி எடுத்துச் சாவது அங்கே மிகப் பெரிய அளவில் குறைந்தது.

கேள்வி: முன்பு இருமலுக்கும் தலைவலிக்கும் கோடீன் கலந்த மாத்திரையைக் கடையிலேயே கேட்டு வாங்குவோம். இப்போது எதற்கெடுத்தாலும் சீட்டு கேட்கிறார்கள். அவ்வளவு ஆபத்தானதா? (மெல்பர்ன் வாசகர்)

பதில்: ஆஸ்திரேலியாவில் 2018 பிப்ரவரி 1 முதல் இந்த விதி. பிரான்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே கொண்டுவந்துவிட்டது. பிரிட்டனில் குறைந்த அளவு கோடீன் கலந்த வலி மாத்திரையைக் கடையில் இன்னும் வாங்கலாம். மூன்று நாளுக்கு மேல் எடுக்காதே என்ற எச்சரிக்கை பெட்டியிலேயே இருக்கும்.

ஆபத்து இரண்டு விதம். கோடீன் தானாக வலியைக் குறைப்பதில்லை. கல்லீரலில் ஒரு நொதி அதை மார்ஃபினாக மாற்ற வேண்டும். இந்த நொதி சிலருக்கு வேலையே செய்யாது, மாத்திரை வீண். சிலருக்கு மிதமிஞ்சி வேலை செய்யும், எதிர்பாராத அளவு மார்ஃபின் ரத்தத்தில் ஏறும். 12 வயதுக்குக் கீழே கோடீன், டிராமடால் இரண்டையும் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. அடுத்தது, கூட்டு மாத்திரை. கோடீனுக்குப் பழகியவர் நாளுக்குப் பத்து, இருபது என்று விழுங்கும்போது கூடவே இருக்கும் இபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தப்போக்கு வரவைக்கும், பொட்டாசியத்தைக் கீழே இறக்கும். பாராசிட்டமாலாக இருந்தால் கல்லீரல் போகும்.

கேள்வி: மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மாவுக்குச் சின்ன அறுவை சிகிச்சை. ஹைட்ரோகோடோன் 5, பாராசிட்டமால் 325 மில்லிகிராம் கலந்த மாத்திரை இருபது கொடுத்தார்கள். முழுவதும் சாப்பிட வேண்டுமா? (டல்லாஸ் வாசகி)

பதில்: வேண்டாம். இது ஆன்டிபயாடிக் அல்ல, கோர்ஸ் முடிக்கத் தேவையில்லை. வலி தாங்க முடியாத நேரத்துக்கு மட்டும். பெரும்பாலான சின்ன அறுவை சிகிச்சைகளுக்கு மூன்று நாள் போதும், ஏழு நாளைத் தாண்டுவது அபூர்வம். முதல் சீட்டு எத்தனை நாளுக்கு என்பதில் மிகவும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஆய்வில், ஒரு நாளாவது ஓபியாய்டு எடுத்தவர்களில் 6 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு நாளோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் அது 13.5 சதவீதம், 31 நாளைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம்.

நம் வீடுகளில் நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறோம். வலி குறையவில்லை என்று ஊரிலிருந்து கொண்டுபோன டோலோ 650-ஐயும் சேர்த்துப் போடுவார்கள். இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கிறது. 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராம் மேல் வரம்பு. வயதானவருக்கும் எடை குறைந்தவருக்கும் 3 கிராமோடு நிறுத்துவது நல்லது. தூக்க மாத்திரை, பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், மது எதுவும் உடன் கூடாது, மூச்சை அடக்கிவிடும். மிச்சமிருப்பதை வீட்டில் வைக்காமல், மருந்துக்கடைகளில் இருக்கும் திரும்பப் பெறும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆய்வு மாணவி நான். நாடுகளின் ஓபியாய்டு பயன்பாட்டைக் காட்டும் ஓர் அட்டவணையில் இந்தியா, நைஜீரியா, எகிப்து எல்லாம் அடிமட்டத்தில் இருக்கின்றன. ஆனால் செய்திகளில் அங்கே மாத்திரைப் போதை பெருகியதாக வருகிறது. எதை நம்புவது? (கோவை வாசகி)

பதில்: இரண்டையும் நம்பலாம். சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணை, 1961-ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைப்பொருள் ஒப்பந்தத்தில் அடங்கிய மருந்துகளுக்கு மட்டுமே. டிராமடால் அதில் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலும் எகிப்திலும் பிரச்சினையே டிராமடால். அதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாக்டர்கள் பொதுவாக எழுதுவது 50, 100 மில்லிகிராம். அங்கே தெருவில் விற்றது 200, 225. இந்தியா 2018 ஏப்ரலில் டிராமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஏற்றுமதிக்காரர்கள் டபென்டடால் என்ற ஓபியாய்டும் காரிசோப்ரோடால் என்ற தசைத் தளர்ச்சி மருந்தும் கலந்த மாத்திரைக்கு மாறினார்கள். அதற்கு 2025 பிப்ரவரியில்தான் தடை வந்தது.

கணக்குப் போடும்போது இன்னொரு பள்ளமும் உண்டு. வெவ்வேறு மருந்துகளை ஒப்பிட எல்லாவற்றையும் வாய்வழி மார்ஃபின் அளவுக்கு மாற்றுவார்கள். ஆக்ஸிகோடோன் என்றால் 1.5 ஆல் பெருக்க வேண்டும், கோடீன் என்றால் 0.15 ஆல். டிராமடாலுக்கு அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2016-இல் 0.1 என்று வைத்தது, 2022-இல் 0.2 ஆக்கியது. ஆக நாளுக்கு 200 மில்லிகிராம் டிராமடால் எடுக்கும் அதே நோயாளி ஒரு பட்டியலில் 20, இன்னொன்றில் 40. டிராமடால் அதிகம் எழுதும் நாட்டின் மொத்தக் கணக்கே இதனால் மாறிவிடும். இரண்டு ஆய்வுகளை அருகருகே வைக்கும் முன், எந்தப் பெருக்கு எண் என்று அடிக்குறிப்பில் பாருங்கள். சீட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்து நாடுகளை ஒப்பிடவே வேண்டாம். ஒரு நாட்டில் ஒரு சீட்டு ஐந்து நாளுக்கு, இன்னொன்றில் ஒரு மாதத்துக்கு.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய், வலியில் துடிக்கிறார். மார்ஃபின் எந்தக் கடையிலும் இல்லை. கிடைத்தாலும் கொடுக்கப் பயமாக இருக்கிறது. (மதுரை வாசகர்)

பதில்: லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. வலி தணிப்பு சிகிச்சை தேவைப்படும் ஒருவருக்கு ஆண்டுக்கு அமெரிக்காவில் 55,000 மில்லிகிராமுக்கு மேல் மார்ஃபின் அளவு ஓபியாய்டு கிடைத்தது. இந்தியாவில் 43 மில்லிகிராம், தேவையில் நான்கு சதவீதம். சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடு இது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபின் தொழிற்சாலை நடத்துகிறது. இருந்தும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையான தண்டனைக்குப் பயந்து கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்ஃபின் வைப்பதை நிறுத்தின. ஆண்டுக்கு 500 கிலோவுக்கு மேல் இருந்த பயன்பாடு 1997-இல் 18 கிலோவாகச் சரிந்தது. யாருடைய போதையையும் இது தடுக்கவில்லை. வலியில் இருந்தவர்களைத்தான் கைவிட்டது.

2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனைல், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆறும் அத்தியாவசியப் போதை மருந்துகள் ஆயின. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகரித்த மருத்துவ நிறுவனம் இவற்றை இருப்பு வைக்கலாம்; முன்போல நான்கைந்து உரிமங்கள் தேவையில்லை. எனவே மெடிக்கல் ஷாப்பில் தேடி அலையாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவிலோ வலி தணிப்புப் பிரிவிலோ, "மார்ஃபினுக்கு அங்கீகாரம் உள்ளதா?" என்று நேராகக் கேளுங்கள்.

பயத்தைப் பற்றி. புற்றுநோய் வலிக்கு டாக்டர் கண்காணிப்பில் சரியான அளவில் தரும் மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் என்பதும் இல்லை. வலி எப்போது கடுமையோ அப்போது. வழக்கமாக 5 அல்லது 10 மில்லிகிராமில், முதியவருக்கு இன்னும் குறைவாகத் தொடங்குவார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வரக் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்: காலை 6, 10, பகல் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு டாக்டர் இரட்டை அளவு எழுதினால் நடு இரவில் எழுப்ப வேண்டியதில்லை. இடையில் வலி வெட்டினால் ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகத் தருவார்கள். நாளுக்கு 60 என்றால் 10. அதை எத்தனை முறை கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த அளவை டாக்டர் முடிவு செய்வது அதைப் பார்த்துத்தான்.

முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. முதல் மாத்திரையோடே இரவில் பிஸகோடில் என்ற மலமிளக்கியைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். இசப்கோல் இதற்கு உதவாது. அசைவு குறைந்த குடலில் அது கட்டிப்போய் அடைத்துக்கொள்ளும். சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள், மார்ஃபினின் கழிவு உடலில் தங்கும். கைகால் வெட்டி இழுப்பது அதன் முதல் அறிகுறி. எழுப்பினாலும் எழாமல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைந்தால் உடனே 108.

பிறகு ஃபென்டனைல் பேட்சுக்கு மாற்றினால், மணிக்கு 25 மைக்ரோகிராம் என்பது நாளுக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம். இதுவரை ஓபியாய்டே எடுக்காதவருக்கு ஒட்டக் கூடாது. வேலை செய்யத் தொடங்க 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை என்ன கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 72 மணி நேரத்துக்கு ஒரு முறை, புது இடத்தில் மாற்ற வேண்டும். அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், காய்ச்சல் வந்தாலும் சொல்லுங்கள். சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும். கழற்றிய பேட்சில் இன்னும் நிறைய மருந்து மிச்சமிருக்கும். குழந்தை எடுத்து ஒட்டிக்கொண்டாலோ வாயில் போட்டாலோ உயிருக்கே ஆபத்து. ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, பூட்டிய டப்பாவில் வைத்து, அடுத்த முறை போகும்போது ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள்.